வாசலுக்கு வெளியே ஓர் ஊர்

ஊருக்கு முதலில் வைத்த பெயர் பாரெட். லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு மேற்கே, பசிபிக் கடலுக்குச் சில மைல் இப்பால், 1890களின் பிற்பாதியில் பசிபிக் லேண்ட் கம்பெனி என்றொரு நிறுவனம் மனை போட்டு விற்க ஆரம்பித்தது. பக்கத்திலேயே வயதான படைவீரர்களுக்கான அரசு இல்லம் இருந்தது. அதை நிர்வகித்த ஜெனரல் பாரெட்டின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். தபால் இலாகா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வட்டாரத்தில் பாஸெட் என்று இன்னோர் ஊர் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு கடிதம் பிரித்துக் கொடுக்க முடியாது என்றார்கள். ஆகவே 1899இல் சாட்டெல் என்று மாற்றினார்கள். டபிள்யூ. ஈ. சாட்டெல் என்பவர் மனை விற்ற கம்பெனியின் மேலாளர். படைத்தலைவர் எழுந்துபோக, அந்த இடத்தில் மனை வியாபாரி வந்து உட்கார்ந்தார். அடுத்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் அந்த நிலத்தில் நடந்தவற்றைப் படித்துக்கொண்டே வந்தால், தபால் இலாகா தன்னையறியாமல் சரியான பெயரைத்தான் வரவழைத்துவிட்டது என்று தோன்றுகிறது.

இல்லத்தின் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 3 அன்று, ஊனமுற்ற தொண்டர்படை வீரர்களுக்கான தேசிய இல்லத்தை அமைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். முதல் ஆண்டுகளில் அதற்கான பணம் வந்த வழி விசித்திரமானது. படையைவிட்டு ஓடியவர்களிடமும் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களிடமும் பிடித்த அபராதமும், பறிமுதல் செய்த சம்பளமும்தான் மூலதனம். ஓடிப்போனவன் விட்டுப்போன கூலியில் நின்று சண்டையிட்டவனுக்குச் சோறு. இதைவிட நியாயமான வரி ஒன்றை யோசிக்க முடியவில்லை. 1866இல் மெய்ன் மாநிலத்தின் டோகஸில் முதல் கிளை திறந்தது. பிறகு டேட்டன், மில்வாக்கி, ஹாம்ப்டன் என்று வரிசையாக வந்தன. தொடக்கத்தில் வடக்கின் ஒன்றியப் படையில் இருந்தவர்களுக்கு மட்டுமே இடம்; தோற்ற தெற்கின் வீரர்களுக்கு இல்லை. கறுப்பின வீரர்களைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் படுக்கையைத் தனியாகப் போட்டார்கள். 1884இல் விதி தளர்ந்தது. போரில் காயம்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை, முதுமையால் இயலாமல் போனவர்களும் வரலாம் என்றானது. காலிழந்த இளைஞர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு கிழவர்களின் விடுதியாக மாறியது அப்போதுதான்.

மேற்குக் கடற்கரையில் ஒரு கிளை வேண்டும் என்று 1887இல் முடிவானதும் கலிஃபோர்னியாவின் ஊர்கள் போட்டிபோட்டன. காரணம் தேசபக்தி மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான பேர் தங்கும் இல்லம் என்றால் கட்டுமான வேலை, மளிகைக் கொள்முதல், ரயில்பாதை, பென்ஷன் பணம் என்று எல்லாமே சேர்ந்து வரும். போட்டியில் வென்றது சாண்டா மோனிகாவுக்குப் பக்கத்திலிருந்த நிலம். கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் ஜான் பி. ஜோன்ஸ். நெவாடாவின் வெள்ளிச் சுரங்கத்தில் செல்வம் குவித்து செனட்டரானவர். 1875இல் சாண்டா மோனிகா என்ற ஊரையே மனைகளாக ஏலம்விட்டு உண்டாக்கியவர்களில் ஒருவர். அந்த ஊருக்குத் தன் செலவில் ரயில் விட்டுப்பார்த்து, கட்டுப்படியாகாமல் இரண்டே ஆண்டில் பெரிய கம்பெனிக்கு விற்றவர்.

இன்னொருவர் அர்க்காடியா பந்தினி. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். கலிஃபோர்னியா மெக்சிகோவின் கையில் இருந்த காலத்தில் சான் டியகோவின் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் ஏபெல் ஸ்டேர்ன்ஸ் என்ற நாற்பது தாண்டிய அமெரிக்க வியாபாரிக்குக் கட்டிவைத்தார்கள். முகத்தில் தழும்புள்ள அந்த மனிதருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் குதிரைமூஞ்சி. அவர் தென் கலிஃபோர்னியாவின் மிகப்பெரிய நிலக்காரராகி, 1871இல் இறந்துபோனார். அர்க்காடியா மறுமணம் செய்துகொண்டது கர்னல் ராபர்ட் பேக்கரை. அவர் ஜோன்ஸின் தொழில் கூட்டாளி. அர்க்காடியாவுக்குப் பிள்ளை இல்லை. 1912இல் உயிலெழுதாமல் இறந்தபோது சொத்துக்குச் சொந்தம் கொண்டாடி உறவினர்கள் குவிந்தார்கள். உயிரோடிருந்தபோது அவர் எழுதிக்கொடுத்த ஒரு பத்திரம்தான் இன்றுவரை நீதிமன்றம் ஏறிக்கொண்டிருக்கிறது.

1888இல் ஜோன்ஸும் அர்க்காடியாவும் 300 ஏக்கர் கொடுத்தார்கள். அண்டை நிலக்காரர்கள் கொடுத்ததும் சேர்ந்து ஏறத்தாழ அறுநூறு ஏக்கர் வந்தது. படைவீரர் இல்லத்தை அங்கே நிறுவி, என்றென்றைக்கும் நடத்திவர வேண்டும் என்பது பத்திரத்தின் நிபந்தனை. நம் நாட்டு நடுகற்களையும் கல்வெட்டுகளையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. போரில் விழுந்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி விட்ட அரசர்கள், சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லுக என்று வெட்டினார்கள். மீறுபவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் சேர்த்தே வெட்டினார்கள். மனிதர்களை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அர்க்காடியாவின் பத்திரத்தில் சாபம் இல்லை.

அது வெறும் தருமமும் இல்லை. 1886 தொடங்கி இரண்டாண்டு தென் கலிஃபோர்னியாவில் நிலவிலை வெறிபிடித்து ஏறியது; 1888இல் சரிந்தது. விற்காமல் கிடந்த நிலத்தில் ஒரு துண்டை அரசுக்குக் கொடுத்தால், மிச்சமுள்ள நிலத்துக்கு விலை வரும். கொடை கொடுத்தவர்களை இதற்காகக் குறைசொல்லவில்லை. கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தவர்கள் எல்லாரும் கணக்குத் தெரியாதவர்களா? ஆனால் இன்றைக்கு அந்த நிலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும், அந்தக் காலத்தில் எல்லாம் புனிதமாக இருந்தது, பின்னால் வந்தவர்கள் கெடுத்தார்கள் என்ற பாவனையில் எழுதுகிறார்கள். அப்படியில்லை. முதல் நாளே அங்கே இரண்டு நோக்கங்கள் ஒன்றாகக் குடியேறின. கிழவர்களுக்கு ஒரு கூரை. கூரையைச் சுற்றிலும் மனை.

உள்ளே வாழ்க்கை பட்டாளத்தைப் போலவே நடந்தது. நீலச் சீருடை. கம்பெனி கம்பெனியாகப் பிரித்த நீண்ட மரக்கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேப்டன். மணியடித்தால் சாப்பாடு, வெளியே போக அனுமதிச்சீட்டு. நாற்பது வருடம் முன்பு நான்கு வருடம் போரிட்டவர்கள், சாகும்வரை சிப்பாய்களாகவே இருக்க வேண்டியிருந்தது. 1900இல் கட்டிய வாட்ஸ்வர்த் தேவாலயம் இன்னும் நிற்கிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு கோயில்கள்: ஒருபுறம் கத்தோலிக்கர், மறுபுறம் புராட்டஸ்டன்ட். இருவருக்கும் தனித்தனி வாசல். ஒரே நேரத்தில் இரண்டு பூசை நடந்தாலும் பாட்டுச்சத்தம் கலக்காதபடி நடுவில் கனத்த செங்கல் சுவர். 1971 நிலநடுக்கத்துக்குப் பிறகு இரண்டு வாசலையுமே மூடிவிட்டார்கள். வெள்ளைச் சாயம் உரிந்து பல பத்தாண்டு அப்படியே நின்றது.

அந்த இல்லத்தில் இருந்தவர்களில் ஒருவர் நிக்கலஸ் ஏர்ப். மெக்சிகோப் போரில் கோவேறு கழுதை உதைத்ததில் காயம்பட்டு ஊர் திரும்பியவர். கௌபாய் படங்கள் பார்த்தவர்களுக்கு அவருடைய மகனைத் தெரிந்திருக்கும்: ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டையின் வயாட் ஏர்ப். அப்பா 1907இல் இல்லத்தில் இறந்தார். 1889இல் திறந்த இடுகாட்டில் அவரையும் புதைத்தார்கள். 114 ஏக்கரில் எண்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். கிழவர்கள் எடுத்து வளர்த்த ஓல்ட் போனஸ் என்ற நாய்க்கும் அங்கே இடம் கிடைத்தது.

இல்லத்தில் ஆண்களுக்கு மட்டுமே இடம். மனைவி இருந்தால்? சாட்டெல் ஊரை எழுப்பியது இந்தக் கேள்விதான் என்று சொல்லலாம். வாசலுக்கு வெளியே சிறிய மனை வாங்கி, இரண்டு அறை மரவீடு கட்டி மனைவியைக் குடிவைத்தார்கள். சிலர் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுத் தாங்களும் வெளியே வந்து வாழ்ந்தார்கள். 1907 சட்டப்படி 62 வயதான வீரருக்கு மாதம் 12 டாலர், 70க்கு 15, 75க்கு 20. இந்தப் பணத்தை நம்பித்தான் ஊரில் மளிகைக்கடை, செருப்புத் தைப்பவர், பல் வைத்தியர், பிரேதம் எடுப்பவர் எல்லாரும் கடை வைத்தார்கள். மனைக் கம்பெனி தவணைமுறையில் விற்றது. பென்ஷன் வந்த நாட்களில் எந்தப் படைவீரர் இல்லத்தின் வாசலிலும் சாராயக்கடைக்காரர்களும் சூதாட்டக்காரர்களும் காத்திருப்பார்கள். சாட்டெலும் அதற்கு விலக்கில்லை. இல்லத்து நிர்வாகிகள் குடியைப் பற்றி எழுதிய புகார்களைப் படித்தால், எழுபது வயதில் ஒரு மனிதர் மாலையில் கொஞ்சம் குடிப்பதில் இத்தனை கலக்கமா என்று சிரிப்பு வருகிறது.

வேடிக்கை பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். ஒரு டாலர் கொடுத்தால் நாள் முழுவதும் டிராம் வண்டியில் கடற்கரைகளைச் சுற்றிக்காட்டும் பலூன் ரூட் உல்லாசப் பயணத்தில் இல்லமும் ஒரு நிறுத்தம். யூகலிப்டஸ் தோப்பு, பனை வரிசை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நீலச்சட்டைக் கிழவர்கள். தீக்கோழிப் பண்ணையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் கடலுக்குப் போனார்கள். அந்த டிராம் நிலையத்தின் சின்ன மரக்கூண்டு இன்றும் இருக்கிறது. அடுத்த மாடு முட்டினால் விழுந்துவிடும் என்ற நிலையில் நெடுநாள் இருந்தது.

சாட்டெல் 1906இல் தனி நகராட்சியானது. 1922இல் லாஸ் ஏஞ்சலஸோடு இணைந்தது. நடுவில் வாக்கெடுப்பு, வழக்கு, திரும்ப வாக்கெடுப்பு என்று நிறைய நடந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது தண்ணீர். 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் இருநூறு மைலுக்கு மேல் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரைக் கொண்டுவந்தது. நகரோடு சேர்ந்தவர்களுக்குக் குழாய் வரும். சுற்றியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகத் தாகத்தில் சேர்ந்தன. உள்நாட்டுப் போர்க் கிழவர்களும் அந்தப் பத்தாண்டுகளில் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் காலிசெய்த தெருக்களில் ஜப்பானியர்கள் வந்தார்கள். 1913இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயல்நாட்டார் விவசாய நிலம் வாங்க முடியாது. ஜப்பானியர் என்று பெயர் சொல்லாமலே அவர்களைக் குறிவைத்த சட்டம். வீட்டுமனைகளிலோ, வெள்ளையரல்லாதவருக்கு விற்பதில்லை என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். சாட்டெலில் அந்தக் கட்டுப்பாடு தளர்வாக இருந்தது. பென்ஷன் கிழவர்களுக்காகப் போட்ட மலிவான மனை. பெரிய மனிதர்கள் யாரும் விரும்பிவரும் இடமில்லை. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் வந்து தங்க அது போதும். வடக்கே பெல் ஏர், ப்ரெண்ட்வுட் மாளிகைகளுக்குத் தோட்டம் போட்டு, புல் வெட்டி, ரோஜா பதியம் போட்டு வாழ்ந்தார்கள். ஊருக்குள் நாற்றுப் பண்ணைகள் வைத்தார்கள். பௌத்தக் கோயில், மெதடிஸ்ட் சர்ச், பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளி எல்லாம் வந்தன. ஒரு துண்டு வயல்கூடத் தங்கள் பெயரில் வாங்க முடியாதவர்கள் ஒரு நகரத்தின் மேற்குப்பகுதி முழுவதையும் பச்சையாக்கினார்கள்.

1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையோடு இது நின்றது. சாட்டெலின் ஜப்பானியக் குடும்பங்களில் பலவற்றை மன்ஸனார் முகாமுக்கு அனுப்பினார்கள். மன்ஸனார் எங்கே இருக்கிறது? ஓவன்ஸ் பள்ளத்தாக்கில். லாஸ் ஏஞ்சலஸ் தண்ணீருக்காக நிலத்தை வாங்கிப்போட்டு, ஆப்பிள் தோட்டங்கள் காய்ந்துபோன அதே பள்ளத்தாக்கில், நகரத்துக்குச் சொந்தமான அதே நிலத்தில். இத்தனை நாள் அந்தத் தண்ணீரை நகரத்தில் இருந்துகொண்டு புல்தரைகளுக்கு ஊற்றியவர்களை, அது உறிஞ்சப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய் முள்வேலிக்குள் அடைத்தார்கள். முகாமுக்குள்ளும் அவர்கள் குளம் வெட்டி, பாறை அடுக்கி, சின்னப் பாலங்கள் கட்டித் தோட்டம் போட்டார்கள். மணல் மூடிக்கிடந்த அந்தத் தோட்டங்களைத் தொல்லியலாளர்கள் இப்போது தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

மன்ஸனாரில் அடைபட்டிருந்த ஒரு தாயின் மகன் சடாவ் முனெமோரி. லாஸ் ஏஞ்சலஸ்காரர். ஜப்பானிய அமெரிக்கர்களைக் கொண்டே அமைத்த 442ஆம் படைப்பிரிவில் இருந்தார். 1945 ஏப்ரல் 5 அன்று இத்தாலியில், விழுந்த கையெறிகுண்டின் மேல் பாய்ந்து தன் தோழர்களைக் காப்பாற்றி இறந்தார். நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கத்தை அவருடைய அம்மாவிடம் கொடுத்தார்கள். மேற்கு லாஸ் ஏஞ்சலஸில் ராணுவத்தின் ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். போர் முடிந்து திரும்பிவந்த சாட்டெல்காரர்கள் மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார்கள். இப்போது அந்தத் தெருவில் ராமென் கடைகளின் முன்னால் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 2015இல் நகராட்சி சாட்டெல் ஜப்பான்டவுன் என்று பலகை நட்டது. நாற்றுப் பண்ணைகள் ஒன்றிரண்டுதான் மிச்சம். மனை விலை அப்படி.

மறுபடி இல்லத்துக்கு வருவோம். 1930இல் அது புதிய படைவீரர் நிர்வாகத் துறையின் கைக்குப் போனது. குடியிருப்பாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக மருத்துவமனையாக மாறியது. நெடுஞ்சாலை வந்து இல்லத்தையும் இடுகாட்டையும் பிரித்தது. அறுநூறு ஏக்கர் 388 ஆகக் குறைந்தது. பழைய மரக்கட்டடங்களை இடித்தார்கள், குடியிருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய தலைமுறைக்கு அங்கே நிரந்தரமாகத் தங்க இடமில்லை. ஆனால் மற்றவர்களுக்கு இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பேஸ்பால் மைதானம், தனியார் பள்ளிக்கு விளையாட்டுத் திடல்களும் நீச்சல்குளமும், ஹோட்டல் நிறுவனத்துக்குச் சலவைக்கூடம், வாடகைக் கார்களுக்கு நிறுத்துமிடம், சினிமாக் கம்பெனிக்கு அரங்கப் பொருள் வைக்கும் இடம். ப்ரெண்ட்வுட்காரர்களின் நாய்கள் ஓடியாட ஒரு பூங்காவும் உண்டு. பேஸ்பால் மைதானத்துக்கு ஜாக்கி ராபின்சன் பெயர். அவரும் இரண்டாம் உலகப் போரில் லெப்டினன்ட். ராணுவப் பேருந்தின் பின்வரிசைக்குப் போக மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர்.

இவற்றில் ஒன்றே ஒன்றைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கைவிடப்பட்ட கிளிகளுக்கு அங்கே ஒரு சரணாலயம் இருக்கிறது. வளர்த்தவர்கள் இறந்துபோனதாலோ சலித்துப்போனதாலோ அநாதையான கிளிகள், கவலையில் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொண்டவை. போர் நினைவில் தூக்கம் இழந்த வீரர்கள் அவற்றுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துக் கூண்டைச் சுத்தம் செய்கிறார்கள். மருத்துவமனையில் யாரோடும் பேசாதவர்கள் கிளியோடு பேசுகிறார்களாம்.

இந்தக் குத்தகைகளை எதிர்த்து 2008இலிருந்து சில முதிய வீரர்கள் ஞாயிறுதோறும் வில்ஷயர் சாலை வாசலில் கூடி நின்றார்கள். தேசியக் கொடியை ஆபத்தின் அடையாளமாகத் தலைகீழாக மாட்டினார்கள். அதைத் தடுத்ததன் மேல் ஒரு வழக்கு நடந்தது. 2011இல் பெரிய வழக்கு வந்தது: வீடற்ற வீரர்கள் சிலரோடு, அர்க்காடியாவின் குடும்ப வாரிசு ஒருவரும் மனுதாரர். நூற்றிருபது வருடத்துக்குப் பிறகு கொடையாளியின் வீட்டிலிருந்து ஒரு ஆள் எழுந்துவந்து பத்திரத்தை நீட்டினார். 2013இல் நீதிமன்றம் பல குத்தகைகள் செல்லாது என்றது. 2015இல் சமாதானம் பேசி, 1,200 வீடுகள் கட்டுவதாக அரசு ஒப்புக்கொண்டது. வீடுகள் சொன்ன வேகத்தில் எழும்பவில்லை. கொரோனாக் காலத்தில் இல்லத்தின் வேலிக்கு வெளியே, சான் விசென்டே சாலையோரம் நடைபாதையில், படைவீரர்கள் கூடாரம் போட்டு வரிசையாகக் குடியிருந்தார்கள். கூடாரங்களில் பெரிய தேசியக் கொடிகள் போர்த்தியிருந்தன. மறுபடியும் வாசலுக்கு வெளியே ஓர் ஊர். 2021 நவம்பரில் அதைக் காலிசெய்தார்கள். புதிய வழக்கில் 2024 செப்டம்பரில் நீதிபதி டேவிட் கார்ட்டர், அந்த 1,200 வீடுகளுக்கு மேல் இன்னும் 1,800 நிரந்தர வீடுகளும் 750 தற்காலிக வீடுகளும் வேண்டும், மைதானத்தின் குத்தகை செல்லாது என்று தீர்ப்பளித்தார். கொஞ்ச நாள் பல்கலைக்கழக அணியை மைதானத்துக்குள் விடவில்லை. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2025 மே மாதம் ஜனாதிபதி டிரம்ப், 2028க்குள் ஆறாயிரம் பேருக்கு அங்கே இடம் என்று ஆணையிட்டார்.

அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விதியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அங்கே கட்டிய வீடுகள் குறைந்த வருமானக்காரர்களுக்கான நிதியில் கட்டியவை. ஆகவே வருமானம் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். போரில் உடம்பு கெட்டதற்காக அரசு மாதாமாதம் கொடுக்கும் இழப்பீட்டையும் வருமானமாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஊனம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு இழப்பீடு, எல்லையைத் தாண்டிவிடும். அதாவது ஊனமுற்ற வீரர்களுக்கென்று எழுதிக்கொடுத்த நிலத்தில், முழு ஊனம் என்று அரசே சான்றளித்த வீரருக்கு, அந்த ஊனத்தைக் காட்டியே வீடு இல்லை என்றார்கள். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த அலுவலர்கள் யாரும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். படிவத்தில் வருமானம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் எண்ணை நிரப்பினார்கள். 2024 ஆகஸ்டில்தான் வீட்டுவசதித் துறை அந்த விதியைத் தளர்த்தியது. அதற்குள் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ, அவர்களில் எத்தனை பேர் வேலிக்கு அந்தப் பக்கம் கூடாரத்தில் படுத்தார்களோ.